ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றாமல் பழைய கம்ப்யூட்டரைக் கொடுப்பது எப்படி

காரைக்குடியில் பத்தொன்பது வருடமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் வீடுகளில் சும்மா கிடக்கும் சிஸ்டங்களை வாங்கி, பழுது பார்த்து, சுற்று ஊர்களில் நடக்கும் மாலை வகுப்புகளுக்கும் மாணவர் இல்லங்களுக்கும் கொடுத்து வருகிறேன். வருகிற சிஸ்டங்களில் பாதியில் ஹார்ட் டிஸ்க் இருக்காது. "அதுல எங்க விவரமெல்லாம் இருக்கு, அதான் கழட்டி வச்சிட்டோம்" என்பார்கள். கழற்றிய டிஸ்க் பீரோவுக்குள் கிடக்கும், இல்லையென்றால் தொலைந்திருக்கும். மீதிப் பாதி நேர் எதிர். ஆன் செய்தால் ஜிமெயில் திறந்தபடி, வங்கிப் பாஸ்வேர்டு பிரவுசரில் சேமித்தபடி வந்து சேரும்.

இரண்டும் வேண்டாம். டிஸ்க் இல்லாத சிபியு மாலை வகுப்பு நடத்துகிறவருக்கு ஒரு தகரப் பெட்டி, அவ்வளவுதான். புது டிஸ்க் வாங்க அவரிடம் காசு இருந்தால் பழைய சிஸ்டம் கேட்டு வந்திருக்கமாட்டார். டிஸ்க்கோடு கொடுக்கலாம், பயமில்லாமல் கொடுக்கலாம். முறையாகத் துடைத்துவிட்டுக் கொடுக்க வேண்டும், அதற்கு ஒரு நாள் ஒதுக்க வேண்டும்.

இப்போது இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வசதி இல்லாத பழைய சிஸ்டங்களில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. நன்றாக ஓடுகிற இயந்திரங்களைக்கூட மக்கள் ஒதுக்குகிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் இன்னும் பல வருடம் உழைக்கும்.

நான் இந்த விஷயத்தில் இவ்வளவு கறாராக இருப்பதற்கு 2014-ல் நடந்த ஒன்று காரணம். ஒரு கணக்கர் தன் அலுவலகத்தின் நான்கு சிஸ்டங்களைக் கொடுத்தார். நான் ஃபார்மேட் போட்டு, விண்டோஸ் ஏற்றி, ஒரு மாணவர் இல்லத்துக்கு அனுப்பிவிட்டேன். மூன்று வாரம் கழித்து அந்த இல்லத்தின் காப்பாளர் போன் செய்தார். பிளஸ் டூ படிக்கும் பையன் ஒருவன் தன் ப்ராஜெக்ட் ஃபைலைத் தவறுதலாக அழித்துவிட்டு, அதை மீட்க ரெக்குவா என்ற இலவச மென்பொருளை ஓட்டியிருக்கிறான். அவனுடைய ஃபைலோடு, முன்பின் தெரியாத நாற்பது ஐம்பது பேருடைய பான் கார்டு நகல்களும் வங்கிக் கணக்கு அறிக்கைகளும் வந்திருக்கின்றன. பையன் நல்லவன், உடனே காப்பாளரிடம் காட்டிவிட்டான். அன்று ராத்திரியே வண்டி பிடித்துப்போய் நான்கையும் தூக்கி வந்தேன். மறுநாள் அந்தக் கணக்கரைப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். "எல்லாம் அழிச்சாச்சு சார்" என்று அவரிடம் என் வாயால் சொல்லியிருந்தேன். அந்த வார்த்தை இன்னும் உறுத்துகிறது.

டெலீட் செய்தால் என்ன ஆகிறது

கல்யாண மண்டபத்தில் எந்த அறையில் யார் தங்கியிருக்கிறார்கள் என்று ஒரு பலகையில் எழுதி வைப்பார்கள். பலகையில் பெயரை அழித்துவிட்டால் அறை காலியாகிவிடுமா? அடுத்த ஆள் வந்து இடம் பிடிக்கும் வரை பழைய ஆளின் பெட்டி படுக்கையெல்லாம் உள்ளேதான் இருக்கும். டெலீட் செய்வதும், ரீசைக்கிள் பின்னைக் காலி செய்வதும், 'குவிக் ஃபார்மேட்' போடுவதும் பலகையை அழிப்பதுதான். ஃபைல் இருந்த இடத்தின் மேல் வேறொன்று எழுதப்படும் வரை அது டிஸ்க்கிலேயே இருக்கும். புது விண்டோஸ் ஏற்றினால் அது முன்பக்கம் சில அறைகளை எடுத்துக்கொள்ளும். பின்னால் இருக்கும் நூற்றுக்கணக்கான அறைகளை அது தொடுவதே இல்லை.

என்னைப் போலத் தவறு செய்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அமெரிக்காவில் சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 158 பழைய டிஸ்க்குகளை விலைக்கு வாங்கிச் சோதித்து, 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். வேலை செய்த 129 டிஸ்க்குகளில் ஒழுங்காகத் துடைக்கப்பட்டவை 12 மட்டும். மற்றவற்றில் ஐயாயிரத்துக்கு மேல் கிரெடிட் கார்டு எண்கள், மருத்துவ விவரங்கள், சொந்தக் கடிதங்கள் என்று எல்லாம் கிடைத்தன.

துடைப்பதற்கு முன்னால்

இந்தப் பகுதியில்தான் அவசரப்படக்கூடாது. டிஸ்க் துடைப்பது ஒரு பொத்தான் வேலை. எதை எடுத்து வைத்துக்கொள்வது என்பதுதான் நாள் பிடிக்கும்.

போன வருடம் கோட்டையூரிலிருந்து ஓர் ஆச்சி வந்தார். ஆட்டோவில், பழைய வேட்டியில் சுற்றிக் கட்டிய சிபியு. கணவர் தவறி எட்டு மாதம் ஆகியிருந்தது. "தம்பி, இது அவுக தினம் தொட்ட பொட்டி. படிக்கிற பிள்ளைக்கு யாருக்காச்சும் குடுங்க. ஆனா அவுக எழுதினது ஒண்ணுகூட வெளிய போயிடக் கூடாது. எனக்கும் ஒண்ணுகூட விட்டுப் போயிடக் கூடாது" என்றார். இரண்டு நிபந்தனையும் நியாயமானவை.

முதலில் டிவிடி டிரைவைத் திறந்தேன். உள்ளே அவர்களுடைய சாந்திக் கல்யாண (அறுபதாம் கல்யாண) டிவிடி. இதை எப்போதும் முதலில் செய்யுங்கள். கரண்ட் இல்லாத சிஸ்டமாக இருந்தால் டிரைவின் முகப்பில் இருக்கும் சின்ன ஓட்டைக்குள் நிமிர்த்திய ஜெம் கிளிப்பை விட்டு அழுத்தினால் தட்டு வெளியே வரும். சிபியுவின் பின்பக்கமும் பாருங்கள். கணக்கர்களும் ஒப்பந்தக்காரர்களும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைப் பின்னால் சொருகி அப்படியே மறந்துவிடுகிறார்கள். உங்கள் பெயரில் கையெழுத்துப் போடக்கூடிய பொருள் அது. கார்டு ரீடரில் பழைய கேமராவின் மெமரி கார்டு இருக்கும்.

அப்புறம் ஃபைல்கள். டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மட்டும் பார்த்துவிட்டு முடிந்தது என்று நினைக்க வேண்டாம். நம் ஊரில் பாதிப் பேர் எல்லாவற்றையும் டெஸ்க்டாப்பில் போடுவார்கள், மீதிப் பேர் டி டிரைவில் 'நியூ ஃபோல்டர் 3' என்று வைத்திருப்பார்கள். டவுன்லோட்ஸில் ஆதார் நகல் நாலு இருக்கும். அவுட்லுக்கில் மெயில் பார்த்தவர் என்றால் பிஎஸ்டி என்று முடியும் ஒரு பெரிய ஃபைல் இருக்கும், அதற்குள் அத்தனை வருட மெயிலும் இருக்கும். டேலி கணக்கு மென்பொருள் வைத்திருந்தால் அதன் டேட்டா ஃபோல்டர் தனி. டேலி லைசென்ஸையும் அந்தச் சிஸ்டத்திலிருந்து 'சரண்டர்' செய்துவிடுங்கள், இல்லையென்றால் புது சிஸ்டத்தில் போடும்போது சிக்கல் வரும்.

ஆச்சியின் கணவர் எல்லாவற்றையும் எழுதி வைக்கிற மனிதர். இருபது வருட மொய்க் கணக்கு எக்செல்லில் இருந்தது. யார், எந்த விசேஷம், எவ்வளவு, நாம் திருப்பிச் செய்தது எவ்வளவு என்று வரிவரியாக. பங்காளிகளோடு வீட்டுப் பாகம் பற்றிய கடிதப் போக்குவரத்து ஒரு ஃபோல்டர். இதையெல்லாம் பென் டிரைவில் எடுத்து என் கடை சிஸ்டத்தில் திறந்து பார்த்தபோதுதான் ஒன்று தெரிந்தது. வேர்டு ஃபைல்கள் எல்லாம் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் கலங்கித் தெரிந்தன. அவர் வானவில் எழுத்துருவில் தட்டியிருக்கிறார். யூனிகோடு வருவதற்கு முன்னால் தமிழில் தட்டியவர்கள் வானவில், பாமினி, ஸ்ரீலிபி என்று ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத சிஸ்டத்தில் அந்தத் தமிழ் தமிழாகத் தெரியாது. டிஸ்க்கைத் துடைத்திருந்தால் எழுத்துருவும் போயிருக்கும். அதனால் பழைய தமிழ் ஃபைல்கள் இருந்தால், சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் சேர்த்து எடுத்து வையுங்கள். முக்கியமானவற்றைப் பழைய சிஸ்டத்திலேயே திறந்து பிடிஎஃப் ஆகவும் மாற்றிக்கொள்ளுங்கள். நேரம் இருந்தால் எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிவிட்டால் இன்னும் நல்லது.

இரண்டு இடத்தில் நகல் வையுங்கள். ஒன்று பென் டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ, இன்னொன்று வேறொரு கம்ப்யூட்டரில். நகல் எடுத்தோம் என்பதோடு விடாமல், வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, பத்து ஃபைலையாவது திறந்து பாருங்கள். நான் ஆச்சியை உட்கார வைத்து ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து காட்டினேன். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது.

இறந்துபோனவருடைய கம்ப்யூட்டர் என்றால் இன்னொரு விஷயம் உண்டு, இதைப் பலர் யோசிப்பதில்லை. அவருடைய மெயில் அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும்தான் திறந்திருக்கும், பாஸ்வேர்டு யாருக்கும் தெரிந்திருக்காது. துடைத்துவிட்டால் அந்த வாசல் மூடிவிடும், திறக்க மிகவும் அலைய வேண்டும். திறந்திருக்கும்போதே, குடும்பத்தாரின் சம்மதத்தோடு, கூகுளின் 'டேக்அவுட்' வழியாக மெயில்களையும் படங்களையும் இறக்கிக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் இருக்கும் ஆச்சியின் மகனுக்குப் போன் போட்டு, அவர் சொல்லச் சொல்ல இதைச் செய்தோம்.

கடைசியாகக் கணக்குகளிலிருந்து வெளியேறுவது. கூகுள் கணக்கில் 'யுவர் டிவைசஸ்' பகுதியில் இந்த இயந்திரத்தை நீக்குங்கள். போனில் வாட்ஸாப்பைத் திறந்து 'லிங்க்டு டிவைசஸ்' பார்த்து இதை எடுத்துவிடுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கின் பட்டியலிலிருந்தும் எடுங்கள். ஆப்பிள் இயந்திரம் என்றால் 'ஃபைண்ட் மை' கண்டிப்பாக அணைக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் புதிய வகை மேக்புக்குகள், அவற்றை வாங்குகிறவரிடம் போய்ப் பூட்டிக்கொள்ளும். டி2 சிப் அல்லது ஆப்பிளின் சொந்தச் சிப் உள்ள மேக்கில், மேக்ஓஎஸ் மான்டெரே அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு இருந்தால், 'இரேஸ் ஆல் கன்டென்ட் அண்ட் செட்டிங்ஸ்' என்ற ஒரே கட்டளை துடைக்கும் வேலையை முடித்துவிடும். பயாஸுக்கு (ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை மென்பொருள்) பாஸ்வேர்டு போட்டிருந்தால் அதையும் நீக்குங்கள். பாஸ்வேர்டு தெரியாத பயாஸோடு வந்த லேப்டாப் ஒன்று என் பரணில் நாலு வருடமாகக் கிடக்கிறது.

ஹார்ட் டிஸ்க்கைத் துடைப்பது

உள்ளே இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க்கா, சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஆன் செய்து சிபியு மேல் காதை வைத்தால், சுழலும் டிஸ்க் என்றால் மெல்லிய இரைச்சலும் நடுக்கமும் இருக்கும். எஸ்எஸ்டி சத்தமே போடாது. இரண்டுக்கும் துடைக்கும் முறை வேறு.

விண்டோஸ் 10, 11 ஒழுங்காக ஓடுகிறது, வீட்டுக் கம்ப்யூட்டர்தான் என்றால், செட்டிங்ஸில் ரெக்கவரி பகுதிக்குப் போய் 'ரீசெட் திஸ் பிசி' கொடுங்கள். 'ரிமூவ் எவ்ரிதிங்' தேர்ந்தெடுங்கள். அடுத்த திரையில் 'சேஞ்ச் செட்டிங்ஸ்' என்று சின்னதாக இருக்கும், அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அதற்குள்தான் 'க்ளீன் டேட்டா' இருக்கிறது. அதை 'யெஸ்' ஆக்கினால்தான் மேலே எழுதித் துடைக்கும். டி டிரைவும் இருந்தால் எல்லா டிரைவிலும் அழிக்கச் சொல்லும் தேர்வையும் 'யெஸ்' ஆக்க வேண்டும். இந்த வசதி அரசு, தொழில் துறைத் தரங்களுக்கு ஈடல்ல என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. கணக்கர், மருத்துவர், வக்கீல் அலுவலகச் சிஸ்டங்களுக்கு இதை நான் ஏற்பதில்லை. அவற்றில் இருப்பது அடுத்தவர்களுடைய விவரம். அதைக் காக்கும் பொறுப்பை 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வைத்திருப்பவர் தலையில்தான் வைக்கிறது.

என் வழி, லினக்ஸில் ஒரு வகையான மின்ட் எழுதிய பென் டிரைவ். துடைப்பதும் அதில்தான், துடைத்த பிறகு ஏற்றப்போவதும் அதுதான். 8 ஜிபி பென் டிரைவ் போதும். மின்ட்டின் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ ஃபைலை (முழு இயங்குதளமும் அடங்கிய ஒரே ஃபைல்) இறக்கி, ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் என்ற இலவச மென்பொருள் மூலம் பென் டிரைவில் எழுதுங்கள். துடைக்க வேண்டிய சிஸ்டத்தில் அதைச் செருகி ஆன் செய்யும்போது எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவுக்கான விசையைத் தட்டுங்கள். டெல், லெனோவோ லேப்டாப்பில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9, அசூஸ் மதர்போர்டில் எஃப்8. மின்ட் திரை வந்துவிடும், டிஸ்க்கில் இன்னும் எதையும் தொட்டிருக்காது.

இப்போது ஒரு நிமிடம் நில்லுங்கள். நகல் எடுத்த வெளி ஹார்ட் டிஸ்க் செருகியிருந்தால் பிடுங்கி வேறு அறையில் வையுங்கள். தவறான டிஸ்க்கைத் துடைத்துவிட்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மெனுவில் 'டிஸ்க்ஸ்' என்று தேடித் திறவுங்கள். இடது பக்கம் டிஸ்க்குகள் வரிசையாக இருக்கும். அளவையும் மாடல் பெயரையும் பார்த்து, துடைக்க வேண்டியதைத் தேர்ந்தெடுங்கள். மேலே இருக்கும் மூன்று புள்ளி மெனுவில் 'ஃபார்மேட் டிஸ்க்'. அதில் 'இரேஸ்' என்ற இடத்தில் 'குவிக்' என்று இருப்பதை மாற்றி, பழைய தரவின் மேல் சுழியங்களை எழுதும் 'ஸ்லோ' தேர்வைக் கொடுங்கள். இந்த 'ஸ்லோ' என்ற சொல்தான் நமக்கு வேண்டியது. 500 ஜிபி டிஸ்க் வினாடிக்கு 100 எம்பி வேகத்தில் எழுதினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும், 1 டிபி என்றால் மூன்று மணி நேரம். டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி 2.0 பெட்டியில் போட்டுத் துடைத்தால் அதைப் போல மூன்று மடங்கு ஆகும், அதனால் சிஸ்டத்திலேயே வைத்துத் துடையுங்கள். கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்துதான். தொடங்கும் முன் பேப்பரில் நாளை மின்தடை உள்ள இடங்கள் பட்டியலைப் பார்த்துவிடுவேன்.

எத்தனை முறை எழுத வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். "முப்பத்தஞ்சு தடவை எழுதணுமாமே" என்று ஒரு பேராசிரியர்கூடக் கேட்டார். அது 1996-ல் பீட்டர் குட்மன் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த எண். அந்தக் காலத்தின் பலவகை டிஸ்க்குகளையும் மனத்தில் வைத்து எழுதியது. 35 முறையும் ஒரே டிஸ்க்குக்குத் தேவையில்லை என்று அவரே பின்னால் விளக்கினார். அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2014-ல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டி, காந்தத் தட்டுள்ள டிஸ்க்கில் ஒரே முறை சுழியம் எழுதினாலே ஆய்வுக்கூட உத்திகளாலும் மீட்பது பொதுவாக முடியாது என்கிறது. ஒரு முறை போதும், ஆனால் முழுதாக.

எஸ்எஸ்டி என்றால்

சுழலும் டிஸ்க்கில் ஓர் இடத்தின் மேல் எழுதச் சொன்னால் அங்கேயே எழுதும். எஸ்எஸ்டி அப்படிச் செய்யாது. ஒரே நினைவுச் செல்லில் திரும்பத் திரும்ப எழுதினால் அது சீக்கிரம் தேய்ந்துவிடும் என்பதால், புதிதாக எழுதுவதை வேறோர் இடத்தில் எழுதிவிட்டுப் பழையதைப் பிறகு துடைக்கலாம் என்று ஒதுக்கி வைக்கும். நம் கண்ணுக்குக் காட்டாத கூடுதல் இடமும் அதற்குள் உண்டு. அதனால் மேலே சுழியம் எழுதுவது எஸ்எஸ்டிக்கு உறுதியான வழி அல்ல. முன்பு பிரபலமாக இருந்த டிபான் என்ற துடைக்கும் கருவியும் எஸ்எஸ்டிக்கு ஏற்றதல்ல.

எஸ்எஸ்டிக்குத் தன்னைத் தானே துடைத்துக்கொள்ளும் கட்டளை உள்ளேயே இருக்கிறது. சாட்டா என்ற பழைய இணைப்பு வகை எஸ்எஸ்டி என்றால் அதே 'டிஸ்க்ஸ்' ஃபார்மேட் திரையில் 'ஏடிஏ செக்யூர் இரேஸ்' என்று வரும். வராவிட்டால், அல்லது டிஸ்க் உறைநிலையில் இருப்பதாகச் சொன்னால், சிஸ்டத்தை ஒரு முறை ஸ்லீப்பில் போட்டு எழுப்புங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். இந்தக் கட்டளை ஓடும்போது கரண்ட் போகவே கூடாது. பாதியில் நின்றால் டிஸ்க் பாஸ்வேர்டோடு பூட்டிக்கொள்ளக்கூடும். டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ்ஸில் வையுங்கள், லேப்டாப் என்றால் சார்ஜரையும் செருகி வையுங்கள். என்விஎம்இ என்ற புதிய, வேகமான வகை எஸ்எஸ்டிக்குப் பல லேப்டாப்களின் பயாஸிலேயே துடைக்கும் வசதி இருக்கும். இல்லையென்றால் தயாரிப்பாளர் தரும் மென்பொருள், உதாரணமாகச் சாம்சங் மேஜிஷியன் அல்லது குருஷியல் ஸ்டோரேஜ் எக்ஸிகியூட்டிவ். எதுவும் கைகொடுக்காவிட்டால் விண்டோஸில் பிட்லாக்கர் என்ற குறியாக்க வசதியால் முழு டிரைவையும் பூட்டிவிட்டு, அதன் பிறகு மேலே சொன்ன ரீசெட். மிச்சம் மீதி இருந்தாலும் சாவி இல்லாத பூட்டுக்குள் இருக்கும்.

துடைத்ததைப் பாருங்கள்

2014-க்குப் பிறகு இந்தப் படியை நான் ஒரு முறைகூட விட்டதில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ ஆய்வாளர்கள் 2011-ல் எஸ்எஸ்டிகளைச் சோதித்தபோது, ஒரு டிரைவ் 'துடைத்து முடித்தேன்' என்று அறிவித்துவிட்டு எல்லாத் தரவையும் அப்படியே வைத்திருந்தது. இயந்திரம் சொல்வதை அப்படியே நம்பக்கூடாது.

போட்டோரெக் என்று ஓர் இலவச மீட்பு மென்பொருள் இருக்கிறது. பார்க்கக் கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்துமாக இருக்கும், ஆனால் கெட்டிக்காரக் கருவி. அழிந்துபோன கல்யாணப் படங்களை மீட்டுக் கொடுக்க நான் பயன்படுத்துவதும் அதைத்தான். மின்ட் பென் டிரைவிலேயே இணையத்தோடு இணைந்து, 'டெஸ்ட் டிஸ்க்' என்ற தொகுப்பை நிறுவினால் அதோடு வந்துவிடும். துடைத்த டிஸ்க்கின் மேல் ஓட்டுங்கள். கிடைத்த ஃபைல்களைப் போட இடம் கேட்கும், அதற்கு வேறொரு பென் டிரைவைக் காட்டுங்கள். முழுவதும் தேடி முடித்து, மீட்ட ஃபைல்கள் சுழியம் என்று வர வேண்டும். ஒன்று வந்தாலும் மறுபடி துடையுங்கள்.

துடைக்க முடியாத டிஸ்க்கும் வரும். டிக் டிக் என்று சத்தம் போடும், பாதியில் பிழை காட்டி நிற்கும். அதை மட்டும் கழற்றி உடைத்துவிடுங்கள், தயங்க வேண்டாம். டெஸ்க்டாப் டிஸ்க்கின் தட்டுகள் பெரும்பாலும் அலுமினியம், துளைபோடும் இயந்திரத்தால் நாலைந்து துளை போடலாம். லேப்டாப் டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் கண்ணாடி, அடித்தால் சில்லுசில்லாகத் தெறிக்கும். கண்ணாடி அணிந்து, துணியில் சுற்றி அடியுங்கள். எஸ்எஸ்டி என்றால் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் கறுப்புச் சிப் ஒவ்வொன்றும் உடைய வேண்டும். எரிக்கக் கூடாது, புகை நஞ்சு. உடைந்ததையும் ஓடாத பாகங்களையும் பழைய இரும்புக்காரரிடம் போடாமல், பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சி நிறுவனத்துக்குக் கொடுங்கள். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகளின்படி இவர்கள் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பழைய குண்டு மானிட்டரும் அங்கேதான் போக வேண்டும். அதன் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு அது வேண்டாம்.

சிசிடிவி டிவிஆர் பெட்டியைக் கொடுக்கிறவர்கள் அதற்குள்ளும் ஒரு ஹார்ட் டிஸ்க் இருப்பதை நினைவில் வையுங்கள். பெரிய ஜெராக்ஸ் இயந்திரங்கள் பலவற்றிலும் உண்டு.

கொடுக்கத் தகுந்ததாக ஆக்குவது

64 பிட் ப்ராசஸர், 4 ஜிபி ரேம். இதற்குக் கீழே இருந்தால் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பயனில்லை, ஒரு பிரவுசர் திறந்தாலே மூச்சு வாங்கும். ஆச்சியின் சிஸ்டத்தில் 2 ஜிபிதான் இருந்தது. செத்துப்போன இன்னொரு சிஸ்டத்தின் ரேமைக் கழற்றிப் போட்டேன். ரேமின் தங்க நிற முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, ப்ளோயரால் தூசி ஊதி, சிமாஸ் பேட்டரி மாற்றி (சிஆர் 2032, எல்லாக் கடையிலும் கிடைக்கும்), ப்ராசஸருக்குப் புது தெர்மல் பேஸ்ட் வைத்தேன். அதே பென் டிரைவிலிருந்து மின்ட் ஏற்றி, தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்தேன். லிப்ரே ஆபீஸ் அதிலேயே இருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு ஜிகாம்ப்ரி என்ற கற்றல் விளையாட்டுத் தொகுப்பைப் போட்டுக் கொடுப்பது வழக்கம்.

கொடுக்கும் இடத்தில் முன்கூட்டியே கேளுங்கள். பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறாரா, பிளக் இருக்கிறதா, மேசை இருக்கிறதா. அரசுப் பள்ளி என்றால் தலைமையாசிரியரிடம் பேசி, இருப்புப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். பதிவேட்டில் இல்லாத பொருள் யார் பொறுப்பிலும் இருக்காது. பவர் கேபிள், விஜிஏ கேபிள், மவுஸ், லேப்டாப் என்றால் சார்ஜர், எல்லாம் சேர்த்தே கொடுங்கள். சார்ஜர் இல்லாமல் வருகிற லேப்டாப்பைப் போல ஆளைச் சோர வைப்பது வேறில்லை.

அப்புறம் ஒரு தாள். டிஸ்க்கின் சீரியல் எண், துடைத்த தேதி, துடைத்த முறை, போட்டோரெக் முடிவு, யாரிடம் போகிறது. இரண்டு படி எழுதுவேன். ஒன்று வாங்குகிறவருக்கு, ஒன்று கொடுத்தவருக்கு.

ஆச்சியின் 320 ஜிபி டிஸ்க்கைத் துடைக்க ஒன்றேகால் மணி நேரம் ஆனது. போட்டோரெக் ஓடும்போது கடையிலேயே உட்கார்ந்திருந்தார். "என்ன தேடுது தம்பி?" என்றார். "அய்யா எழுதினது ஏதாவது மிச்சம் இருக்கான்னு பாக்குது ஆச்சி" என்றேன். முடிந்ததும் திரையைத் திருப்பிக் காட்டினேன். சுழியம். பென் டிரைவைக் கையில் வாங்கினார். தாளை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். சிபியு சுற்றி வந்த வேட்டியை உதறி மடித்து, பென் டிரைவையும் தாளையும் அதற்குள் வைத்து எடுத்துப்போனார்.